பதினாறே நாளில் கைம்பெண்: குடும்பத்தாருக்கான எளிய செய்முறை

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். புருஷன் செத்தால் பெண்டாட்டி தானாகக் கைம்பெண் ஆகிவிடுவாள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகமாட்டாள். வீட்டில் ஓர் ஆள் குறையும், அவ்வளவுதான். மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். அதே பெண், அதே பொட்டு, இடுப்பில் அதே சாவிக்கொத்து. அப்படியே விட்டுவைத்தால் ஆறு மாதத்தில் அழுகை ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்திரத்தைப் படிக்க உட்கார்ந்துவிடுவாள். உயிரை எடுப்பது எமன் வேலை. மிச்சத்தை எடுப்பது நம் வேலை.

பெண்டாட்டியை இழந்தவனுக்கு இந்த வேலையெல்லாம் தேவையில்லை. பொண்டாட்டி செத்தால் புருஷன் புதுமாப்பிள்ளை என்று பழமொழியே இருக்கிறது. தொல்காப்பியமும் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. மனைவியை இழந்தவன் இருப்பது தபுதார நிலை, அதாவது தாரத்தை இழந்த நிலை. கணவனை இழந்தவள் இருப்பது தாபத நிலை, அதாவது தவநிலை. அவனுக்கு இழப்பு, இவளுக்கு விரதம். "தபுதாரன்" என்ற சொல்லை நீங்கள் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? பயன்படாத சொல் துருப்பிடித்துப் போகும். "தாலியறுத்தவ" மட்டும் தினமும் தேய்த்துக் கழுவிய வெண்கலச் சொம்பு மாதிரி மின்னுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் துணையை இழந்து வாழ்ந்த பெண்கள் சுமார் 4.3 கோடி. ஆண்கள் சுமார் 1.2 கோடி. ஏன் இந்த வித்தியாசம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது வேலையைத் தொடங்குவோம். கொழுந்தனார்களே, நாத்தனார்களே, மாமியார்களே, எதிர்வீட்டுத் திண்ணைக்காரர்களே, பயப்படாதீர்கள். பாதி வேலை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

தேவையான பொருட்கள்

வெளிர் நிறப் புடவை: ஒன்று. பிறந்த வீட்டார் கோடியாகக் கொண்டுவருவார்கள், நமக்குச் செலவில்லை.
கண்ணாடி வளையல்: இரண்டு டஜன், உடைப்பதற்கு.
மல்லிகைப்பூ: நாலு முழம், பிய்ப்பதற்கு.
மஞ்சள், குங்குமம்: கடைசியாக ஒருமுறை பூசும் அளவு.
ஏற்கெனவே தயாரான கைம்பெண்கள்: நாலைந்து பேர்.
பத்திர எழுத்தர்: ஒருவர், முடிந்தால் தெரிந்தவர்.
"ஊர் என்ன சொல்லும்": தேவையான அளவு.

1. சாவியில் தொடங்குங்கள்

பந்தலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் ஆள் அனுப்பும் முன் பீரோ சாவியை வாங்கிவிடுங்கள். "மதினி, காரியச் செலவுக்குப் பணம் எடுக்கணும், சாவி எங்க?" என்று கேட்டால் போதும். மயங்கிக் கிடப்பவள் கையைத்தான் காட்டுவாள், கணக்குக் கேட்க மாட்டாள். முதலில் பத்திரம், பிறகு பாஸ்புக், பிறகு இன்சூரன்ஸ் பாலிசி, கடைசியில் நகை அடகுச் சீட்டு. பணம் எடுக்க மறந்தாலும் பரவாயில்லை.

அண்ணனுடைய போனும் உங்கள் பையில் இருக்கட்டும். ஓ.டி.பி. அதில்தான் வரும். லாக் நம்பர் தெரியாதென்றால் அண்ணன் மகனைக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு சாக்லேட் வாங்கிக்கொடுத்துக் கேளுங்கள். அப்பா செத்த அன்று யாராவது அன்பாகப் பேசினால் குழந்தை எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

2. கொன்றது யார் என்று முடிவு செய்யுங்கள்

டாக்டர் காகிதத்தில் ஈரல் கெட்டுப்போனது என்று எழுதியிருப்பார். அவர் படித்தவர், அப்படித்தான் எழுதுவார். அண்ணன் இருபது வருடமாகத் தினமும் ஒரு குவார்ட்டர் போட்டதும், அதில் பாதி நாள் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊறுகாய் தொட்டுக்கொண்டதும் பந்தலில் பேசத் தக்க விஷயங்கள் அல்ல. கேதம் விசாரிக்க வருபவர்களிடம் ஒரே வரி: "இவ கால் வச்ச நேரம்."

பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று சொல்லிக் கல்யாணத்தை முடித்துவைத்த ஜோசியரை யாரும் தேடிப்போக வேண்டாம். தேடிப்போனால் தோஷம் அன்றே தெரிந்தது என்பார், அதற்கும் தனியாகத் தட்சிணை வைக்க வேண்டியிருக்கும்.

இந்தப் படியைச் சிலர் சும்மா வாய்ச்சொல் என்று தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள். குற்றவாளி பங்கு கேட்க மாட்டாள். ஐந்தாவது படி சுலபமாக நடப்பதற்கு அஸ்திவாரம் இங்கேதான் போடப்படுகிறது.

3. ஜோடித்துப் பிறகு பறியுங்கள்

வெறுமனே பொட்டை அழித்தால் போதாது. முதலில் கல்யாணப் பெண் மாதிரி ஜோடியுங்கள். முகம் நிறைய மஞ்சள், நெற்றியில் காசளவு குங்குமம், கை நிறைய வளையல், தலை நிறையப் பூ. ஊர்ப் பெண்கள் எல்லோரும் பார்க்கட்டும். அப்புறம் ஒவ்வொன்றாக. புருஷனுக்காக அழுது ஓய்ந்தவள் இப்போது தனக்காக அழ வேண்டும்.

பறிக்கும் வேலைக்குச் சுமங்கலிகளைக் கூப்பிடாதீர்கள், அதை அவர்கள் பார்க்கவே கூடாது. ஏற்கெனவே கைம்பெண்ணானவர்கள்தான் செய்ய வேண்டும். தனக்கு உடைத்த வளையலின் கீறல் மணிக்கட்டில் இன்னும் இருக்கிற அத்தை, மருமகள் கையை எப்படிப் பிடித்தால் உதறமுடியாது என்று அறிந்திருப்பாள்.

குறை சொல்ல வருபவர்களிடம் புறநானூற்றைக் காட்டுங்கள். பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் தேவி பெருங்கோப்பெண்டு, கைம்மை நோன்பு எப்படிப்பட்டது என்று பட்டியலே போட்டிருக்கிறாள். நெய் படாத சோறு, எள் துவையல், புளி போட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாய் விரிக்காமல் பருக்கைக் கல்லின் மேல் படுக்கை. அதற்குக் கணவனின் சிதைத் தீயே மேல் என்று அவள் போய்விட்டாள். இன்றைக்கு நாம் பாய் கொடுக்கிறோம். சில வீடுகளில் மின்விசிறியும் உண்டு. முன்னேற்றம் இல்லை என்று யார் சொன்னது?

ஓர் எச்சரிக்கை. மகாராஷ்டிரத்தில், கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் என்ற கிராமத்தில் 2022 மே மாதம் கிராமசபை கூடி, வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பது எல்லாவற்றையும் நிறுத்தித் தீர்மானம் போட்டுவிட்டது. சில நாட்களில் அந்த மாநில அரசே மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. ஆகவே உங்கள் ஊர்க் கிராமசபையில் குடிநீர்க் குழாய், தெருவிளக்கு தவிர வேறு எதையும் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. தங்கத்தையும் கடனையும் பிரித்துவையுங்கள்

அறுத்த தாலியைப் பாலில் போடுவது சம்பிரதாயம். பாலிலிருந்து எடுத்த பிறகு அது எங்கே போகிறது என்பது சம்பிரதாயத்தில் இல்லை. "பத்திரமா இருக்கட்டும்" என்று மாமியார் முந்தானையில் முடிந்துகொள்ளட்டும். இனி அவள் நகை போடப்போவதில்லை. போடாத நகை அவளுக்கு எதற்கு? அவள் அப்பா போட்டு அனுப்பியது என்று யாராவது சொன்னால், செத்தவன் ஆஸ்பத்திரிச் செலவை ஞாபகப்படுத்துங்கள்.

கடன் கதை வேறு. குழுக்கடன், பைனான்ஸ்காரன் வாரத் தவணை, வண்டிக்கடன், மளிகைக் கடைப் பாக்கி எல்லாம் அவள் பொறுப்பு. குழுக்கடனில் அவள் கையெழுத்துத்தானே இருக்கிறது? அந்தப் பணத்தில் வாங்கிய மோட்டார் உங்கள் கிணற்றில் ஓடுவது தற்செயல். வசூலுக்கு வரும் பையனிடம் கதவைத் திறந்து, அவள் இருக்கும் அறையை மரியாதையாகக் காட்டுங்கள்.

5. விடுதலை கொடுங்கள்

இதுதான் முக்கியமான படி. சட்டத்தை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். தெரியாத பள்ளத்தைத் தாண்ட முடியாது.

1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவனின் சொத்து மனைவிக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும், தாய்க்கும் சம பங்காகப் போகும். அதற்கு முன் 1937-ல் வந்த சட்டம் கைம்பெண்ணுக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும்தான் கொடுத்தது. 1956-க்குப் பிறகு அவள் முழுச் சொந்தக்காரி. விற்கலாம், அடகு வைக்கலாம், யாருக்கும் எழுதலாம். அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள், தாயார் உயிரோடு என்றால் நான்கு பங்கு. அதில் மூன்று அவள் கையிலும் பிள்ளைகள் பெயரிலும். இவர்களில் ஒருவர் இருக்கும்வரை அந்தச் சொத்தில் உடன்பிறந்த தம்பியாகிய உங்களுக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. கிறிஸ்தவக் குடும்பமானால், பிள்ளைகள் இருந்தால் கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு. இஸ்லாமியக் குடும்பமானால் எட்டில் ஒன்று. சட்டங்கள் ஆளுக்கொன்றாக இருக்கலாம். நம் வழிமுறை சாதி மத வித்தியாசம் பார்க்காது.

"பங்கு" என்ற சொல்லை உச்சரிக்கவே உச்சரிக்காதீர்கள். "எல்லாம் உன்னோடதுதான் மதினி, பேருக்கு ஒரு கையெழுத்து" என்று சொல்லுங்கள். கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பும் முன், பதினாறாம் நாளிலேயே பத்திர எழுத்தர் வரட்டும். அவள் இன்னும் புதுப்புடவையின் கஞ்சி மொடமொடப்புக்கே பழகியிருக்க மாட்டாள். நேராக உங்கள் பெயருக்கு எழுதி வாங்காதீர்கள், கண்ணை உறுத்தும். மாமியார் சக வாரிசு, அவர் பெயருக்கு விட்டுக்கொடுக்கட்டும். மாமியார் அடுத்த மாதம் உங்களுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவைப்பார். பெற்ற தாய் மகனுக்குத் தருவதை யார் கேட்க முடியும்?

பிள்ளைகள் மைனர் என்றால் அவர்கள் பங்கை எழுதிவாங்க நீதிமன்ற அனுமதி வேண்டும். ஆகவே அவர்களுக்குப் பதினெட்டு முடியும்வரை சித்தப்பாவாக அன்பாக இருங்கள்.

சொத்து இன்னும் மாமனார் பெயரிலேயே இருந்தால் வேலை சுலபம். "உனக்கு இதுல ஒண்ணுமே இல்லம்மா" என்று இன்றைக்கு உண்மையாகவே சொல்லலாம். நாளை மாமனார் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தால், முன்னே இறந்த மகனின் மனைவி என்ற முறையில் அவளும் முதல் வகுப்பு வாரிசு. அந்தச் செய்தி தபாலில் வராது. நீங்களும் சொல்ல வேண்டாம்.

அவள் கையெழுத்துப் போடும் காகிதத்தின் பெயர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம். இந்த மொழிக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

6. "நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லுங்கள்

வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், பட்டா மாறுதல் எதற்கும் அவளைத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பாதீர்கள். "பொம்பளை தனியா அலையுறதா?" என்று பதறுங்கள். பிறகு நீங்களும் போகாதீர்கள். ஆதாரில் ஓர் இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல், கல்யாணப் பதிவே செய்யவில்லை. இவை மூன்றும் உங்களுக்காகவே பாடுபடும்.

அண்ணன் அரசு ஊழியர் என்றால் இன்னும் கவனம் தேவை. கருணை அடிப்படையிலான வேலைக்கு, இறந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் மனுக்கொடுக்க வேண்டும். முதல் வருடம் துக்கம் கழியட்டும் என்று சொல்லுங்கள். இரண்டாவது வருடம் பிள்ளைகள் சின்னவர்கள். மூன்றாவது வருடம் ஆபீசில் நல்ல ஆள் ஒருவர் மாறி வரப்போகிறார். நான்காவது வருடம் நீங்களே மனம் நொந்து பேசலாம்: "இந்த கவர்மென்ட்டே இப்படித்தான்."

7. அவள் ஆதரவற்றவள் என்று நிரூபியுங்கள்

எதையுமே தரமாட்டோம் என்று சொல்ல நாம் என்ன கல்நெஞ்சக்காரர்களா? அரசாங்கத்தின் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1975-லிருந்து நடக்கும் திட்டம். 2023-ல் மாதம் 1,000 ரூபாய் 1,200 ஆனது. வகுத்துப் பாருங்கள், நாளைக்கு 40 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட கைம்பெண்ணுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 300. 2012-ல் 200-லிருந்து அந்த உயரத்துக்கு ஏறியது, பிறகு பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்து மூச்சு வாங்கியது.

இதில் ஓர் அழகு உண்டு. சொத்து இருந்தால் அவள் ஆதரவற்றவள் ஆகமாட்டாள். ஆகவே ஐந்தாம் படியில் நாம் செய்தது அவளுக்குத் தகுதி தேடிக்கொடுத்த காரியம். மனுவோடு வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடவே போய், "பாவம் சார், யாருமே இல்லை" என்று சொல்லுங்கள். யாருமே இல்லை என்று சொல்ல நாலு பேர் வேண்டும்.

பணம் வரத் தொடங்கியதும் தெருவில் சொல்லிவையுங்கள்: "அவளுக்கென்ன, மாசாமாசம் கவர்மென்ட் காசு." அன்றிலிருந்து வீட்டுச் சோற்றுக்குக் கணக்கு எழுதலாம்.

8. தூணுக்குப் பின்னால் ஓர் இடம் ஒதுக்குங்கள்

கல்யாணத்துக்கு முந்தின நாள் வெங்காயம் உரிக்க அவள் வேண்டும். விடியற்காலை இட்லிக்கு அவள் வேண்டும். ஊர்க்காரர்கள் சாப்பிட்ட பிறகு பாத்திரம் எண்ண அவள் வேண்டும். தட்டு எடுத்துக் கொடுக்க மட்டும் வேண்டாம். அவள் கை அடுப்படியில் சுபம், மணமேடையில் அசுபம். இடையில் எந்த இடத்தில் மாறுகிறது என்று கேட்கும் குழந்தைகளை வெளியே விளையாட அனுப்புங்கள்.

அவள் மகளுக்கே கல்யாணம் என்றாலும் இதுதான் முறை. தறி ஓட்டியோ, வீட்டு வேலை செய்தோ, இரவெல்லாம் தையல் மிஷின் மிதித்தோ சேர்த்த பணத்தில் மண்டப வாடகை அவள் கட்டட்டும். தாரை வார்க்கும்போது நீங்களும் உங்கள் மனைவியும் போய் நில்லுங்கள். அவள் தூணுக்குப் பின்னாலிருந்து பார்க்கட்டும். வீடியோக்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள், தூண் பக்கம் கேமரா திரும்ப வேண்டாம்.

கோயில் விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. ஈரோடு மாவட்டம் நம்பியூர் பக்கத்தில் ஒரு கோயிலில், அங்கேயே பூசாரியாக இருந்து இறந்தவரின் மனைவியை, கைம்பெண் என்பதால் ஆடித் திருவிழாவுக்கு வரக்கூடாது என்று தடுத்தார்கள். நல்ல உழைப்பு. ஆனால் அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் அவரைத் தடுக்கக் கூடாது என்று சொல்லி, போலீஸ் பாதுகாப்பும் கொடுக்கச் சொன்னது. ஆகவே வாசலில் நின்று வழிமறிக்காதீர்கள். அவள் எதிரே வரும்போது நின்று, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புங்கள். இதற்கு எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. நாலு தடவை பார்த்தால் ஐந்தாவது தடவை அவளே சந்துக்குள் ஒதுங்கிக்கொள்வாள்.

9. சிரிப்பைக் கணக்கெடுங்கள்

வேலைக்குப் போகட்டும், தடுக்க வேண்டாம். சம்பளம் வீட்டுக்கு வருகிறது. ஆனால் எந்த நிறப் புடவை கட்டினாள், பின்னலைத் தொங்கவிட்டாளா, கொண்டை போட்டாளா, போனில் பேசும்போது எத்தனை தடவை சிரித்தாள் என்று பார்க்க ஆள் வையுங்கள். எதிர்வீட்டுத் திண்ணை இதற்காகவே கட்டப்பட்டது. ஸ்டிக்கர் பொட்டு வைத்தால் "யாருக்குக் காட்ட?" என்று கேளுங்கள். வைக்காவிட்டால் "முகத்தைப் பாரு, மூளி மாதிரி" என்று சொல்லுங்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்குமேல் "ஏதாவது ஒத்தாசை வேணுமா?" என்று மெசேஜ் அனுப்பும் ஆண்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களில் சிலர் பகலில் உங்களோடுதான் டீ குடிக்கிறார்கள். அவர்களை ஒன்றும் சொல்லாதீர்கள். "இவ இடம் கொடுக்காமலா?" என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். பிற்பாடு வீட்டைவிட்டு அனுப்ப ஒரு காரணம் தேவைப்படும்போது உதவும்.

10. குழந்தைகளைக் காரணம் காட்டுங்கள்

மறுமணம் என்ற பேச்சு எழலாம். தம்பி மனைவி இறந்தால் ஒரு வருடம் திரும்புவதற்குள் பெண் பார்க்கிறோம். ஏன்? குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! அண்ணன் இறந்தால் மதினிக்கு மறுபடியும் கல்யாணம் கூடாது. ஏன்? குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! ஒரே காரணத்தை இரண்டு பக்கமும் ஓட்டலாம், தறியில் நாடா ஓடுவது மாதிரி.

சட்டம் இதில் நமக்கு எதிரி. 1856-லேயே இந்து விதவை மறுமணச் சட்டம் வந்துவிட்டது. மாதவையா 1903-லேயே முத்துமீனாக்ஷி என்று ஒரு கைம்பெண் கதையை நாவலாக எழுதினார். ஈரோட்டில் பெரியார் 1909-ல், பொதுவாழ்க்கைக்கு வருவதற்கு முன்பே, உடன்பிறந்தாள் மகளுக்கு உறவுக்காரர்கள் எதிர்ப்பை மீறி மறுமணம் செய்துவைத்தார். தமிழக அரசு 1975-லிருந்து மறுமணத்துக்கு உதவித்தொகையும், இப்போது தாலிக்குத் தங்கமும் தருகிறது. நூற்றெழுபது வருடமாக இவர்கள் தள்ளுகிறார்கள், நாம் ஒற்றைத் தோளால் கதவைத் தாங்கி நிற்கிறோம். பெருமைப்படலாம்.

உங்கள் கொள்ளுப்பாட்டி ஒருவேளை அறுத்துக் கட்டியவளாக இருக்கலாம். நம்மில் பல சாதிகளில் அது சர்வசாதாரணமாக நடந்தது. நாலு காசு சேர்ந்து, மாடி வீடு எழும்பியபோதுதான் அதை விட்டோம். "நாங்க அறுத்துக்கட்டுற ஆளுங்க இல்ல" என்று சொல்வதில் ஒரு கௌரவம் வந்தது. கொள்ளுப்பாட்டியின் இரண்டாவது புருஷன் வழியில்தான் நீங்கள் பிறந்தீர்கள் என்பதைக் குடும்ப வரலாற்றிலிருந்து நீக்கிவிடுங்கள்.

11. பிறந்த வீட்டோடு ஒப்பந்தம் போடுங்கள்

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகலாம். கவலை வேண்டாம், அங்கேயும் நம்மைப் போலவே ஒரு குடும்பம்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-லிருந்தும் நாடு முழுவதும் 2005-லிருந்தும் மகளுக்கும் பூர்விகச் சொத்தில் மகனைப் போலவே உரிமை உண்டு. ஆனால் "சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு" என்று அவள் அண்ணன்மார் முன்பே ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கியிருப்பார்கள். பெண்ணாகப் பிறந்தவளுக்கு எத்தனை விடுதலை!

அங்கே மூன்று மாதம், இங்கே மூன்று மாதம் என்று அவள் பஸ் ஏறட்டும். இரண்டு வீட்டாரும் மற்ற வீட்டாரைப் பார்த்து "மனுஷங்களா அவங்க?" என்று பேசிக்கொள்ளுங்கள். இரு தரப்பும் சொல்வது உண்மைதான்.

12. கடைசியில் மரியாதை கொடுங்கள்

எல்லாம் எடுத்த பிறகு மரியாதை மலிவு. கலைஞர் சொன்னதாக மேடைகளில் ஒரு விளக்கம் சொல்வார்கள். "விதவை" என்று எழுதினால் அந்தச் சொல்லில் ஒரு புள்ளிகூட இல்லை, "கைம்பெண்" என்று எழுதினால் இரண்டு பொட்டு. அழகான விளக்கம், மனதாரச் சொன்னது. நாம் அதை அப்படியே எடுத்துக்கொள்வோம். பொட்டு எழுத்தில் இருக்கட்டும், நெற்றிக்கு வர வேண்டாம்.

ஜூன் 23 சர்வதேசக் கைம்பெண்கள் தினம், ஐ.நா. சபை அறிவித்தது. அன்றைக்கு மண்டபம் பிடித்து நாலு பேருக்குத் தையல் மிஷின் கொடுங்கள். ஒரு மிஷினை ஆறு பேர் பிடித்துக்கொண்டு போட்டோ எடுங்கள். மேடையில் அவளைத் தெய்வம் என்று சொல்லுங்கள். தெய்வத்துக்குப் பட்டா கிடையாது, பசி கிடையாது, எதிர்த்துப் பேசாது. அவளுக்கு மிகப் பொருத்தமான பதவி.

செய்முறையில் வரும் சந்தேகங்கள்

அவள் பொட்டை எடுக்க மறுத்தால்? விட்டுவிடுங்கள். பட்டணத்தில் இப்போது பல வீடுகளில் பொட்டும் பூவும் கலர்ப் புடவையும் உண்டு. பொட்டு இருந்தால் இருக்கட்டும், பத்திரம் நின்றால் போதும்.

அவள் படித்தவளாக இருந்தால்? ஆபத்து. சுப்புலட்சுமி என்று ஒரு பெண், பதினொரு வயதுவாக்கில் விதவையானவர். அவர் அப்பா மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்காமல் படிக்கவைத்தார். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கி, பிறகு மெரினா எதிரே ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களையும் படிக்கவைத்து ஆசிரியைகள் ஆக்கினார். ஓர் அப்பா முறை தவறினால் எத்தனை வீடுகளில் வெளிச்சம் வந்துவிடுகிறது பாருங்கள்.

அவள் வக்கீலைப் பார்த்தால்? "குடும்ப மானம்" என்று சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சமரசத்துக்கு உட்காருங்கள். வழக்கு நடக்கும் வருடங்களில் நிலம் உங்கள் உழவில்தான் இருக்கும்.

முடிவாக

ஆரம்பத்தில் ஒரு கணக்கைப் பாக்கி வைத்தேன். 4.3 கோடிக்கு 1.2 கோடி. ஆண்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள், பெண்டாட்டியை இழந்தவர்களில் பலர் மறுபடி மாலை மாற்றிக்கொள்கிறார்கள். அதோடு, மாப்பிள்ளைக்குப் பெண் அஞ்சாறு வயது இளையவளாக இருக்க வேண்டும் என்று நாமே பார்த்துப் பார்த்துக் கட்டுகிறோம். உங்கள் கல்யாணத்திலும் அப்படித்தானே பார்த்தார்கள்?

இப்போது நீங்கள் பத்திரம் எழுதிவாங்கும் கூடத்தில், எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நிற்பது உங்கள் மனைவி. மதினியின் கட்டைவிரலில் மை தடவுவதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் கடைசித் தம்பியும் பார்த்துக்கொண்டிருக்கிறான். கெட்டிக்காரப் பையன், எதையும் ஒருமுறை பார்த்தால் போதும், பிடித்துக்கொள்வான்.

வேலை முடிந்ததும் இந்தச் செய்முறையை மடித்துப் பத்திரங்களோடு பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சாவி வைக்கும் இடம் தம்பிக்குத் தெரியும்.